வாடும் செடி என்ன சொல்கிறது?



உத்திரமேரூர்ப் பக்கத்து ஊர்களில் மிளகாய், தக்காளி, கத்தரி நாற்றுகளை வீட்டிலேயே வளர்த்துக்கொள்பவர்கள் உண்டு. பழைய வாளி, உடைந்த பானை, குழித்தட்டு என எது கிடைத்தாலும் அதில் மண்ணை நிரப்பி விதையைத் தூவுவார்கள். வெளியே வைத்தால் கோழி கிளறும், ஆடு மேயும் என்று வீட்டுக்குள் ஒரு மூலையில் வைப்பார்கள். விதை நன்றாகவே முளைக்கும். ஆனால் இருபது நாள் கழித்துப் பார்த்தால் நாற்று நூல்போல் மெலிந்து நெடுநெடுவென்று நிற்கும். இலை வெளுத்திருக்கும். அதைக் கொண்டுபோய் வெயிலில் நட்டால் இரண்டே நாளில் சாய்ந்துவிடும். "விதை சரியில்லை" என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள்.

மறுபடி விதை வாங்கி, மறுபடி முளைக்க வைத்து, நடும் பருவத்திற்குக் கொண்டுவர ஒரு மாதம் ஆகும். அதற்குள் பட்டம் தப்பிவிடும். பத்து சென்ட் நிலத்தில் காய்கறி போட்டுப் பிழைக்கும் குடும்பத்திற்கு இது சிறிய இழப்பு அன்று. ஆகவே, அந்த நாற்று ஏன் செத்தது என்று கண்டுபிடிப்பது நமக்கெல்லாம் பயன்படும் ஒரு பாடம்.

இறுக்கம் என்றால் என்ன?

வெயில் சுட்டால் நாம் நிழலுக்குப் போகிறோம். தாகம் எடுத்தால் குடத்தைத் தேடுகிறோம். செடியால் நின்ற இடத்தை விட்டு நகர முடியாது. ஒளி, நீர், காற்று, வெப்பம், சத்து ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தேவைக்குக் குறைந்தாலும் மிகுந்தாலும் அதன் உள்வேலைகள் தடுமாறுகின்றன. இந்த நிலையைத் தாவரவியலார் 'இறுக்கம்' என்பர். செடி இறுக்கத்தைச் சும்மா தாங்கிக்கொண்டிருப்பதில்லை. தன் வளர்ச்சியை மாற்றிக்கொண்டு ஓரளவு சமாளிக்கிறது. சமாளிக்க முடியாதபோதுதான் வாடுகிறது, காய்கிறது, சாகிறது.

திறந்த வெளியில் இருக்கும் செடிக்குச் சில பாதுகாப்புகள் உண்டு. அதன் வேர் ஆழமாகப் போய் ஈரத்தைத் தேடலாம். அதிக நீர் மண்ணுக்குள் இறங்கிவிடும். மழை தவறினாலும் ஏரி இருக்கிறது. நீர்ப்பற்றாக்குறை வருமுன் காப்பது எப்படி என்பதை உத்திரமேரூர்க்காரர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அவ்வூரில் உள்ளன. குடவோலை முறையில் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்ததை அவை விவரிக்கின்றன. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களில் ஏரியைக் கவனிக்க 'ஏரி வாரியம்' ஒன்றும், தோட்டங்களைக் கவனிக்கத் 'தோட்ட வாரியம்' ஒன்றும் இருந்தன. பயிர் வாடிய பிறகு ஓடுவதைவிட, வாடாமல் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பதே மேல் என்று அன்றே அறிந்திருந்தார்கள்.

வீட்டுக்குள் ஒரு தொட்டியில் செடியை வைத்துவிட்டால் நிலைமை மாறுகிறது. அதன் வேர் தொட்டியைத் தாண்டிப் போகாது. மழை விழாது, காற்று வீசாது. ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் இனி நீங்கள்தாம்! அந்தப் பொறுப்பை ஏற்குமுன், செடிக்கு வரக்கூடிய இறுக்கங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

ஒளிப் பசி

நாற்று நெடுநெடுவென்று வளர்ந்ததைக் கண்டு 'நன்றாக வளர்கிறது' என்று மகிழ்பவர்கள் பலர். உண்மையில் அது பசியின் அடையாளம்.

நம் திருமணங்களில் பாலிகை தெளிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தென் மாவட்டங்களில் திருவிழாவுக்கு முளைப்பாரி வளர்ப்பார்கள். முளைப்பாரியை வெளிச்சம் படாத அறையில் வைத்து வளர்ப்பதால் முளைகள் மஞ்சளாக, நீளமாக, ஒரே சீராக எழும்பி நிற்கும். விழாவுக்கு அது அழகுதான். ஆனால் அந்த முளையை வயலில் நட்டுக் காய் பறிக்க எவரும் எண்ணுவதில்லை.

ஏன் அப்படி வளர்கிறது? விதைக்குள் இருக்கும் உணவு சில நாட்களுக்குத்தான் வரும். மண்ணுக்கடியில் முளைத்த செடி, அந்தச் சேமிப்பு தீருமுன் வெளிச்சத்தை எட்டியாக வேண்டும். ஆகவே இருட்டில் அது இலையை விரிப்பதில்லை. தண்டைத் தடிக்க விடுவதும் இல்லை. இருக்கும் உணவையெல்லாம் உயரத்திற்கே செலவழிக்கிறது. பூக்கும் தாவரங்களில் பச்சையம் உண்டாக ஒளி வேண்டும். அதனால் முளை மஞ்சளாகவே இருக்கிறது. மண்ணுக்கடியில் இந்த உத்தி செடியைக் காப்பாற்றும். வீட்டின் இருண்ட மூலையிலோ வெளிச்சம் எட்டவே எட்டாது. நாற்று நீண்டுகொண்டே போய்ச் சேமிப்பை இழந்து தளர்ந்துவிடும்.

"எங்கள் அறை இருட்டு இல்லையே, நன்றாகப் படிக்கும்படி வெளிச்சம் இருக்கிறதே" என்று நீங்கள் கேட்கலாம். இதில் நம் கண் நம்மை ஏமாற்றுகிறது. ஒளியின் அளவை 'லக்ஸ்' என்னும் அலகால் குறிப்பர். நண்பகல் வெயிலில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் இருக்கும். படிக்கும் அறையின் நடுவே சில நூறு லக்ஸ்தான் இருக்கும். கண்ணின் பாவை சுருங்கியும் விரிந்தும் இந்த வேற்றுமையை மறைத்துவிடுகிறது. இலைக்கு அப்படிப்பட்ட வசதி இல்லை. நமக்குப் போதுமான வெளிச்சம் மிளகாய் நாற்றுக்குப் பட்டினி!

ஒளி ஒரே பக்கமிருந்து வந்தால் நாற்று அப்பக்கம் சாயும். சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிசும் இதை ஆராய்ந்து 1880-ல் வெளியிட்டனர். புல் முளையின் நுனியை ஒளி படாமல் மூடிவிட்டால் முளை வளைவதில்லை என்று கண்டனர். ஒளியை அறிவது நுனி, வளைவது அதற்குக் கீழே உள்ள பகுதி! நுனியிலிருந்து கீழே ஏதோ செய்தி செல்கிறது என்பது இதனால் தெரிந்தது. அந்தச் செய்தியைக் கொண்டுசெல்லும் வளர்ச்சிப் பொருளை 1926-ல் டச்சு அறிவியலார் பிரிட்ஸ் வென்ட் பிரித்துக் காட்டினார். அதுவே 'ஆக்சின்'.

செய்ய வேண்டியது: முளை மண்ணைப் பிளந்து வெளிவந்த அன்றே தொட்டியைச் சன்னலோரத்திற்கோ திண்ணைக்கோ கொண்டுவாருங்கள். கோழிக்கு அஞ்சினால் கம்பி வலையோ பழைய கூடையோ கொண்டு மூடுங்கள். நாளுக்கு ஒரு முறை தொட்டியைத் திருப்பி வையுங்கள்.

தாகமா, மூச்சுத் திணறலா?

வீட்டுச் செடிகளைக் கொல்வதில் முதலிடம் அன்பிற்குத்தான். காலையில் அம்மா ஒரு செம்பு, பள்ளி விட்டு வந்து தம்பி ஒரு செம்பு, இரவில் பாட்டி ஒரு செம்பு என்று ஊற்றினால் சிறு தொட்டி என்ன ஆகும்?

வேரும் மூச்சு விடுகிறது. மண் துகள்களுக்கு இடையே உள்ள சிறு இடைவெளிகளில் இருக்கும் காற்றிலிருந்து அது ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளிகளை எப்போதும் நீர் அடைத்துக்கொண்டால் ஆக்சிஜன் வேரை எட்டுவது கடினம். காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவுகிறது. மூச்சு முட்டிய வேர் நீரை உறிஞ்சும் ஆற்றலை இழக்கிறது. சுற்றிலும் நீர் இருக்க, இலை நீரின்றி வாடுகிறது. அதைப் பார்த்தவர் "ஐயோ, தாகம்" என்று இன்னொரு செம்பு ஊற்றுகிறார். கதை அதோடு முடிந்துவிடுகிறது.

"அப்படியானால் நெல் எப்படி நீரிலேயே நிற்கிறது?" நல்ல கேள்வி. நெல்லின் உடலுக்குள் இலையிலிருந்து வேர் வரை காற்று செல்லும் வழிகள் உள்ளன. மேலே பெற்ற ஆக்சிஜன் அவற்றின் வழியே வேருக்கு இறங்குகிறது. தக்காளிக்கும் மிளகாய்க்கும் இந்த ஏற்பாடு போதிய அளவில் இல்லை. சம்பாப் பயிருக்குப் பாய்ச்சுவதுபோல் மிளகாய்த் தொட்டிக்குப் பாய்ச்சக் கூடாது.

ஈரம் மிகுந்த, காற்றோட்டமில்லாத இடத்தில் நாற்றழுகல் நோயும் வரும். மண்ணை ஒட்டிய தண்டுப் பகுதி அழுகி நாற்று வெட்டியதுபோல் சாயும். இதற்குக் காரணம் பிதியம் போன்ற நுண்ணுயிர்கள். விதைகளை நெருக்கமாகத் தூவாமல் இடைவெளி விடுவதும், அளவாக நீர் ஊற்றுவதும் நல்ல தடுப்பு. கிலோ விதைக்கு 4 கிராம் வீதம் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து விதைப்பதும் உண்டு.

செய்ய வேண்டியது: தொட்டியின் அடியில் துளை இருக்க வேண்டும். நீர் ஊற்றுமுன் விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் அன்று நீர் வேண்டாம். காய்ந்திருந்தால் அடித்துளை வழியாக நீர் வடியும் வரை ஊற்றுங்கள். தட்டில் தேங்கிய நீரைக் கொட்டிவிடுங்கள்.

வெப்பமும் காற்றும்

இலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத பல்லாயிரம் இலைத்துளைகள் உள்ளன. கரியமில வாயு உள்ளே வருவதும் நீராவி வெளியே போவதும் அவற்றின் வழியாகத்தான். வேர் உறிஞ்சும் நீரில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் இப்படி ஆவியாகவே போகிறது. இது வீண் செலவு அன்று. வியர்வை நம்மைக் குளிர்விப்பதுபோல் நீராவிப்போக்கு இலையைக் குளிர்விக்கிறது.

சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் இருக்கும் தொட்டியை எண்ணிப் பாருங்கள். இலையிலிருந்து போகும் நீர், வேரிலிருந்து வரும் நீரைவிட மிகுந்துவிடும். அப்போது செடிக்குள் 'அப்சிசிக் அமிலம்' என்னும் பொருள் பெருகி, இலைத்துளைகளை மூடச் செய்கிறது. நீர் மிச்சமாகிறது. ஆனால் கதவை மூடினால் கரியமில வாயுவும் உள்ளே வராதே! உணவு தயாரிப்பு நின்றுவிடும். தாகத்திற்கு அஞ்சிச் செடி பட்டினி கிடக்கிறது. குளிர்ச்சியும் குறைவதால் இலை மேலும் சூடாகிறது.

காற்றே படாத இடமும் நல்லதன்று. 1973-ல் அமெரிக்கத் தாவரவியலார் மார்க் ஜாஃபி, செடித் தண்டுகளை நாள்தோறும் மெல்லத் தடவிக் கொடுத்தால் அவை குட்டையாக வளர்வதை விளக்கி எழுதினார். காற்றில் ஆடும் செடிக்கும் இதுவே நிகழ்கிறது. அசைவைத் தாங்கும்படி தண்டு தன்னைக் கட்டமைத்துக்கொள்கிறது. அசையாமல் வளர்ந்த வீட்டு நாற்றோ முதல் ஆடிக் காற்றிலேயே மடங்கும்.

செய்ய வேண்டியது: சூடேறும் கூரைக்கும் சுவருக்கும் அருகே தொட்டியை வைக்காதீர்கள். சன்னலைத் திறந்து வையுங்கள். நாற்றுகளின் தலையை உள்ளங்கையால் நாளுக்கு இரண்டு முறை மெல்ல வருடிவிடுங்கள்.

உரமே பகையாகும்போது

வாடிய செடியைக் கண்டதும் "உரம் போதவில்லை" என்று ஒரு பிடி யூரியாவைப் போடுபவர்கள் உண்டு. அதன் விளைவை அறிய ஒரு சிறு சோதனை செய்வோம். உருளைக்கிழங்கை ஒரே அளவுள்ள இரண்டு துண்டுகளாக மெல்லிதாக நறுக்குங்கள். ஒன்றைச் சாதாரண நீரிலும் மற்றொன்றை இரண்டு கரண்டி உப்புக் கரைத்த நீரிலும் போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எடுத்து வளைத்துப் பாருங்கள். முதல் துண்டு விறைப்பாக இருக்கும். இரண்டாவது துவண்டு போயிருக்கும். உப்பு மிகுந்த வெளிநீர், கிழங்கின் செல்களுக்குள் இருந்த நீரை வெளியே இழுத்துவிட்டது.

தொட்டியில் உரம் மிகுந்தால் வேருக்கும் இதுவே நேர்கிறது. முதலில் இலை நுனியும் ஓரமும் கருகும். வயலில் மிகையான உரம் மண்ணில் பரவிப் போக இடமுண்டு. தொட்டியில் அது வேரையே சுற்றி நிற்கும். குழித்தட்டில் நிரப்பும் தென்னை நார்க்கழிவிலும் உப்பு இருக்கலாம். மக்காத புதிய நார்க்கழிவைப் பலமுறை நீர் விட்டு அலசிய பிறகே பயன்படுத்த வேண்டும். முளைத்த நாற்றுக்கு முதல் சில நாட்கள் விதையின் சேமிப்பே போதும். பிறகு நன்கு மக்கிய தொழு உரத்தைச் சிறிதளவு மண்ணில் கலந்தால் போதுமானது.

விண்வெளியில் வாடிய செடி

வீட்டுக்குள் செடி வளர்ப்பதில் உள்ள தொல்லைகளை மிகப் பெரிய அறிவியலாரும் அனுபவித்திருக்கிறார்கள். மனிதன் கட்டிய 'வீடு'களில் வெளியே போகவே முடியாத வீடு ஒன்று உண்டு. அது பூமியைச் சுற்றிவரும் பன்னாட்டு விண்வெளி நிலையம். அங்கே 2015 நவம்பரில் ஜின்னியா என்னும் பூச்செடியின் விதைகளை முளைக்க வைத்தார்கள். விளக்கொளி, விசிறி, நீர் விடும் ஏற்பாடு எல்லாம் இருந்தன. ஆயினும் டிசம்பரில் இலைகளின் மேல் நீர் கசிந்து நின்றது. இலைகள் சுருண்டன. பின்னர் பூஞ்சணமும் படர்ந்தது. காரணம் என்ன? வேர்ப்பகுதியில் நீர் மிகுதி, காற்றோட்டக் குறைவு. நம் வீட்டு மூலையில் நேர்ந்த அதே கதைதான்!

விசிறியின் வேகத்தைக் கூட்டினார்கள். ஈரம் குறைந்தது, ஆனால் இப்போது செடிகள் காயத் தொடங்கின. நீர் விட வேண்டிய நாளைப் பூமியில் இருந்தவர்கள் அட்டவணை போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி, செடியைப் பார்த்துத் தாமே முடிவு செய்வதாகக் கூறினார். பூமியில் இருந்தவர்களும் ஒப்புக்கொண்டு, ஒரே பக்கமுள்ள குறிப்பைக் கொடுத்துப் பொறுப்பை அவரிடம் விட்டார்கள். சில செடிகள் இறந்தன. பிழைத்த செடியில் 2016 ஜனவரியில் ஆரஞ்சு நிறப் பூ மலர்ந்தது.

நம் நாடும் இத்துறையில் அடியெடுத்து வைத்துள்ளது. 2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற பி.எஸ்.எல்.வி. சி-60 ராக்கெட்டில் ஒரு சிறு பெட்டிக்குள் 8 காராமணி விதைகள் வைக்கப்பட்டன. அவை நான்கே நாட்களில் விண்வெளியில் முளைத்தன. நாம் சுண்டல் செய்யும் அதே காராமணிதான்.

அட்டவணையைப் பார்ப்பதைவிடச் செடியைப் பார்ப்பது முக்கியம் என்பதே ஜின்னியா கற்பித்த பாடம்.

செடியின் மொழி

செடியைப் பார்ப்பது எப்படி? இதோ சில அடையாளங்கள்:

இலை வாடியிருக்கிறது, மண் காய்ந்திருக்கிறது: தாகம். நீர் விடுங்கள்.

இலை வாடியிருக்கிறது, மண் சொதசொதவென்று இருக்கிறது: வேருக்கு மூச்சுத் திணறல். நீரை நிறுத்துங்கள், துளையை அடைப்பு எடுத்துவிடுங்கள்.

நண்பகலில் வாடி, மாலையில் தானே நிமிர்கிறது: வெப்பம். உச்சி வெயில் நேரத்தில் நிழல் கொடுங்கள்.

தண்டு நீண்டு, கணுக்களின் இடைவெளி மிகுந்து, இலை வெளுத்திருக்கிறது: ஒளி போதவில்லை.

இலை நுனி கருகி, மண்ணின் மேல் வெண்படலம் தெரிகிறது: உப்பு அல்லது உரம் மிகுதி. நல்ல நீரை நிறைய ஊற்றி வடிய விடுங்கள்.

ஒரே 'வாட்டம்' மூன்று காரணங்களால் வருவதைக் கவனித்தீர்களா? ஆகவே கையில் செம்பை எடுக்குமுன் விரலை மண்ணில் வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நீர், உரம், இடம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், செடி பிழைத்தாலும் எதனால் பிழைத்தது என்பது தெரியாமலே போய்விடும்.

வெயிலுக்குப் பழக்குதல்

நல்ல முறையில் வளர்த்த நாற்றையும் ஒரே நாளில் வயலுக்குக் கொண்டுபோகக் கூடாது. நிழலில் விரிந்த இலை மெல்லியது. அதன் மேல் உள்ள மெழுகுப் படலமும் மெல்லியது. திடீரென்று முழு வெயில் பட்டால், பச்சையம் ஏற்கும் ஒளி அதனால் பயன்படுத்த முடிந்ததைவிட மிகுந்து, இலைக்கே கேடு செய்கிறது. இலை வெளுத்துக் காகிதம்போல் ஆகிவிடும்.

நிழல்வலைக் கூடங்களில் குழித்தட்டு நாற்று வளர்ப்பவர்கள், நடுமுன் கடைசி நாட்களில் நாற்றை வெயிலுக்குப் பழக்குவார்கள். நீங்களும் செய்யலாம். முதல் இரண்டு நாள் காலை வெயிலில் ஒரு மணி நேரம் வையுங்கள். அடுத்த இரண்டு நாள் இரண்டு, மூன்று மணி நேரம் வையுங்கள். பிறகு அரை நாள். அதன் பின் முழு நாள். நீரையும் சற்றுக் குறையுங்கள். ஆனால் வாட விடாதீர்கள். இவ்வாறு ஒரு வாரம் பழக்கினால் புதிய இலைகள் தடிப்பாக வரும், தண்டு உறுதிப்படும். நடுவதை மாலையில் வைத்துக்கொண்டால், வெயில் வருமுன் வேர் சற்று நிலைகொள்ள ஓர் இரவு கிடைக்கும்.

இறுக்கத்தை முற்றிலும் ஒழிக்க வேண்டும் என்பதில்லை என்பதை இதிலிருந்து அறிகிறோம். சிறிது சிறிதாக வரும் இறுக்கம் செடியை உறுதியாக்குகிறது. திடீரென்று, மிகுதியாக வருவதே கொல்கிறது.

செய்து பாருங்கள்

நான்கு கொட்டாங்கச்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்றின் அடியிலும் துளை இடுங்கள். நான்காவதில் துளை வேண்டாம். நான்கிலும் ஒரே மண்ணை நிரப்பி, ஊறவைத்த பச்சைப் பயறு ஐந்தைந்து ஊன்றுங்கள். முளைத்த பின்:

1. முதலாவதைச் சன்னலோரம் வைத்து, விரலால் சோதித்து நீர் விடுங்கள்.

2. இரண்டாவதற்கும் அதேபோல் நீர் விட்டு, இருட்டுப் பெட்டிக்குள் வையுங்கள்.

3. மூன்றாவதைச் சன்னலோரம் வைத்து, ஒரு டம்ளருக்கு ஒரு தேக்கரண்டி உப்புக் கரைத்த நீர் விடுங்கள்.

4. துளையில்லாத நான்காவதைச் சன்னலோரம் வைத்து, எப்போதும் நீர் தேங்கும்படி ஊற்றுங்கள்.

பன்னிரண்டு நாட்கள் செடியின் உயரம், இலைகளின் எண்ணிக்கை, நிறம் ஆகியவற்றை நோட்டில் குறித்து வாருங்கள். முதல் கொட்டாங்கச்சி எதற்கு? மற்ற மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. அது இல்லாவிட்டால் மாற்றம் எதனால் வந்தது என்று சொல்ல முடியாது.

முடிவில் இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். நான்கில் எந்தச் செடி மிக உயரமாக வளர்ந்தது? வயலில் நட வேண்டுமானால் நீங்கள் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?